சீனியாரிட்டி என்பது ஒரு பழைய மார்க்

அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு நண்பர்கள் கொஞ்சம் குறைவுதான். சம்பளப் பட்டியல் போடும் இருக்கைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். பதவி உயர்வுப் பேனல், அதாவது உயர்வுக்குத் தகுதியானவர்களின் வரிசைப் பட்டியல், தயாரிக்கும் இருக்கைக்கு வருகிறவர்கள் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பார்கள். "சார், என் பேர் எத்தனாவதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்." அது மட்டும் போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த கேள்வி, தனக்கு மேலே இருப்பவர் யார். அதற்கு அடுத்தது, அவர்மேல் ஏதாவது 17பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கை விதியின்கீழ் வரும் குற்றச்சாட்டு, நிலுவையில் இருக்கிறதா.

மாநில அரசுப் பணியில் அந்த இருக்கையில் பல காலம் இருந்திருக்கிறேன். எந்தத் துறை, எந்த மாவட்டம் என்பது வேண்டாம். எல்லாத் துறையிலும் அந்த இருக்கை ஒரே மாதிரிதான்.

வெளியில் இருப்பவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "கவர்மென்ட்ல என்ன சார், வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் வருஷம் போனா புரமோஷன்." உள்ளே இருக்கும் கெட்டிக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள், தங்கள் பெயர் பட்டியலில் கீழே இருக்கும்வரை. மேலே வந்ததும் சீனியாரிட்டியைவிட நியாயமான முறை உலகத்தில் இல்லை என்பார்கள். திறமையா, பணிமூப்பா என்று பட்டிமன்றம் நடத்தலாம்தான். ஆனால் பட்டியல் தயாரித்துத் தயாரித்து எனக்குப் பட்டது வேறு. நாம் பணிமூப்பு என்று சொல்வது பெரும்பாலும் ஒரு பழைய மார்க். திறமை என்று சொல்வது பெரும்பாலும் கறை படாத பதிவேடு. இரண்டுமே தாங்கள் அளப்பதாகச் சொல்வதை அளப்பதில்லை.

முதலில் பணிமூப்பு. தேர்வாணையம் வழியாக ஒரே தேர்வில் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலையில் சேர்கிறார்கள். அவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதை வயதும் தீர்மானிப்பதில்லை, சேர்ந்த தேதியும் தீர்மானிப்பதில்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் அதைத் தீர்மானித்தது 200 புள்ளி இனச்சுழற்சி. பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 என்ற பங்கீட்டை 200 இடங்களில் சுழற்சியாகப் பரப்பி, எந்தச் சுழற்சி இடத்தில் ஒருவர் எடுக்கப்பட்டாரோ அந்த இடமே அவருடைய பணிமூப்பாகவும் இருந்தது. வேலையில் சேர இட ஒதுக்கீடு சரி, சேர்ந்த பிறகு யார் முன்னால் என்பதற்கும் அதே சுழற்சியா என்று சிலர் வழக்குக்குப் போனார்கள். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அரசு 2016-இல் அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தைக் கொண்டுவந்து, 40-ஆவது பிரிவில் அதே முறையைத் திரும்ப வைத்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. இனி தேர்வாணையம் கொடுத்த ரேங்க்தான் பணிமூப்பு.

வெளியில் இது இரண்டு பத்திச் செய்தி. எங்களுக்கோ பழைய கட்டுகளை அவிழ்க்கும் வேலை. ரேங்க் பட்டியல் எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கிடைத்த நகலில் ஓரம் பூச்சி அரித்திருக்கும், பெயருக்கு நேரே இருக்கும் எண் பாதிதான் தெரியும், தேர்வாணையத்துக்குக் கடிதம் எழுதி உறுதி செய்ய வேண்டும். ஒரே மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருடக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட இரண்டு பேர். வரைவுப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டதும் ஒருவர் மேலே ஏறினார், மற்றவர் கீழே போனார். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று குறிப்பாணையில் போட்டிருந்தோம். கீழே போனவர் எழுதிக் கொடுத்தார். தனக்குக் கிடைத்த பதவி உயர்வு அப்போது நடைமுறையில் இருந்த விதிப்படிதான் கிடைத்தது, தான் யாரையும் ஏமாற்றவில்லை என்று இரண்டு பக்கம். உண்மைதான். மேலே ஏறியவரும் இத்தனை வருடம் தனக்கு வரவேண்டியது தள்ளிப்போனது என்றார். அதுவும் உண்மைதான். பல துறைகளில் இப்படித்தான் பட்டியல்கள் திருத்தி எழுதப்பட்டன, உயர்ந்தவர்கள் சிலர் இறக்கப்பட்டார்கள்.

சுழற்சியா, ரேங்க்கா என்பதில் எது சமூக நீதி என்ற கேள்வி பெரியது, அதற்குத் தனிப் பதிவு எழுத வேண்டும். நான் இங்கே கவனித்தது வேறொன்று. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரத்தில் எழுதிய தேர்வு. அதன் மார்க் முந்துமா, மார்க்கோடு சுழற்சியும் சேருமா என்று இரண்டு தரப்பும் உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தத் தேர்வுக்குப் பிறகு இருவரும் அலுவலகத்தில் என்ன செய்தார்கள் என்பதை எந்தத் தரப்பும் எடுக்கவில்லை, எடுக்க விதியில் இடமும் இல்லை. வேலைக்குள் வரும் வாசலில் வாங்கிய மார்க், ஓய்வு பெறும் நாள்வரை கூடவே வருகிறது. வருடம் ஆக ஆகத் திறமைக்குப் பதிலாக வயதுக்கு மரியாதை என்று வெளியே இருப்பவர்கள் திட்டுவது பாதிதான் சரி. பணிமூப்பும் ஒரு திறமைப் பட்டியல்தான், என்ன, காலாவதியான திறமை.

சரி, அப்படியானால் அதன்பிறகு செய்த வேலையை அளந்து பதவி உயர்வு கொடுக்கலாமே? அளக்க முயன்றிருக்கிறார்கள். மத்திய அரசில் இரகசியக் குறிப்பு என்று ஒன்று இருந்தது, இப்போது அது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. பத்துக்கு மதிப்பெண். 8 முதல் 10 வரை 'மிகச் சிறப்பு', 6 முதல் 8-க்குள் 'மிக நன்று', 4 முதல் 6-க்குள் 'நன்று'. காகிதத்தில் அருமையான அளவுகோல். இந்த அளவுகோலின் கதையை அறிய தேவ் தத் வழக்கைப் பார்க்க வேண்டும்.

தேவ் தத் எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளராக உயர வேண்டுமானால் கடைசி ஐந்து வருடமும் 'மிக நன்று' வேண்டும். 1993-94-இல் அவருக்கு ஒரு 'நன்று' விழுந்தது. மோசம் என்று யாரும் எழுதவில்லை, 'நன்று' என்றுதான் எழுதினார்கள். மோசமான குறிப்பைத்தான் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 'நன்று' மோசமில்லையே, ஆகவே அவருக்குத் தெரிவிக்கவில்லை. ஆனால் அந்த 'நன்று'தான் அவருடைய பதவி உயர்வைத் தடுத்தது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குக் காட்டியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

தீர்ப்பு நியாயமானது, சந்தேகமில்லை. ஆனால் அதன்பிறகு நடந்ததை எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதியதை எழுதப்பட்டவனிடமே காட்ட வேண்டும் என்றால், நாளை காலை அதே ஆளிடம் கோப்பு வாங்க வேண்டிய அதிகாரி என்ன எழுதுவார்? எல்லோருக்கும் 'மிக நன்று'. ஏழாம் ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, பதவி உயர்வு இல்லாமல் தேங்குபவர்களுக்கான ஊதிய உயர்வுக்கும் தேவையான மதிப்பீட்டை 2016-இல் 'நன்று' என்பதிலிருந்து 'மிக நன்று' ஆக்கினார்கள். ஒருவருக்கு 'நன்று' போடுவது இப்போது அவர் சம்பளத்தில் கை வைப்பது மாதிரி. யார் போடுவார்கள்?

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மத்திய அரசில் 'தெரிவு' முறையில் பதவி உயர்வு என்றால், ஒரு காலத்தில் 'மிகச் சிறப்பு' வாங்கிய இளையவர் 'மிக நன்று' வாங்கிய மூத்தவரைத் தாண்டிப் போகலாம். 2002 பிப்ரவரியில் வந்த ஆணை அதை நிறுத்தியது. குறைந்தபட்ச மதிப்பீட்டைத் தொட்டவர்கள் எல்லோரும் தகுதியானவர்கள், அவர்களுக்குள் வரிசை பணிமூப்பின்படி. எல்லோரும் தொட்டுவிடுகிறார்கள் என்பதால் 'தெரிவு' என்பது பெயரளவில் நின்றுவிட்டது.

எங்கள் மாநிலப் பேனலில் இதைவிட நேரடியானது ஒன்று உண்டு. துறைத்தேர்வு பாஸ் செய்திருக்கிறாரா, தகுதிகாண் பருவம் முடிந்ததா, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறதா. முதல் இரண்டையும் எப்படியோ முடித்துவிடுவார்கள், மே மாதத் துறைத்தேர்வில் இல்லாவிட்டால் டிசம்பர் தேர்வில். மூன்றாவதுதான் ஆளைச் சாய்ப்பது. 17பி-யின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பேனலில் பெயர் வராது. இது நல்ல விதிதானே, ஊழல்வாதிக்கு உயர்வு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். யாருக்கு 17பி வருகிறது என்பதை அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு அலுவலகத்தில் எல்லா இருக்கையும் ஒன்றல்ல. டெண்டர், கொள்முதல், நிலம் பார்க்கும் இருக்கை ஒரு வகை. அங்கே ஒவ்வொரு கோப்பிலும் கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் பணம். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக் குழு வரும், ஆட்சேபணை எழுதும், அது தலைமை அலுவலகம் போகும், அங்கிருந்து 'பொறுப்பானவர்கள் யார்' என்று கேட்டு வரும். கோப்பில் கையெழுத்திட்ட அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வாசகத்தில் குறிப்பாணை போகும். பெயரும் பதவியும் மட்டும் மாறும். தபால் பதிவு, பதிவறை, நூலகம் இன்னொரு வகை. அங்கே தணிக்கை ஆட்சேபணை வருவதற்கே வழியில்லை.

நான் பார்த்த ஒருவர். எந்தக் கடினமான இருக்கை காலியானாலும் அவரைத்தான் போடுவார்கள், ஏனென்றால் அவர்தான் தேக்கத்தை முடிப்பார். விதிப் புத்தகத்தைப் பிரிக்காமலே பக்க எண் சொல்லுவார். ஒரு கொள்முதலில் விலைப்புள்ளி ஒப்பீட்டில் ஏதோ ஒரு இணைப்பு கோப்பில் இல்லை என்று ஆட்சேபணை வந்தது. பணம் யாரும் தின்னவில்லை, பொருளும் வந்து சேர்ந்துவிட்டது, காகிதம்தான் இல்லை. 17பி வந்தது. விசாரணை அலுவலர் மாற்றலாகிப் போனார், புதியவர் நியமிக்கப்படவில்லை, நினைவூட்டுக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. பேனல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பதிவறையில் இருந்த அவருடைய ஜூனியர் கண்காணிப்பாளர் ஆனார். அவரும் நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பதவி ஏற்ற அன்று இவர் இருக்கைக்கு வந்து, "அண்ணே, நான் என்ன பண்ணட்டும்" என்றார். இவர் சிரித்துவிட்டு, "நீ கையெழுத்து மட்டும் பார்த்துப் போடுப்பா" என்றார். கடைசியில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்து இவருக்கும் நோஷனலாக உயர்வு வந்தது. தேதி கிடைத்தது, இடைப்பட்ட காலத்து நிலுவைத் தொகை கிடைக்கவில்லை.

கறை இல்லாததைத் திறமை என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் நடக்கும். கோப்பைத் தொடாதவன் கறைபடாமல் இருப்பான். இளைஞர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். 'உயர் அலுவலரின் தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிட்டால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, பெண் ஊழியர்கள் விஷயம். பதவி உயர்வு பெரும்பாலும் வேறு மாவட்டத்தில்தான் வரும். பிள்ளை பத்தாம் வகுப்பு, மாமியார் படுக்கையில், கணவருக்கு இந்த ஊரில் வேலை. உயர்வு இப்போது வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், சில ஆண்டுகளுக்குப் பெயர் பேனலுக்கு வராது. பட்டியலில் மூத்தவராக இருந்து, வேலையிலும் கெட்டிக்காரராக இருந்து, இரண்டும் உதவாமல் போன பெண்களின் கடிதங்களை நானே கோப்பில் சேர்த்திருக்கிறேன். திறமையா மூப்பா என்ற பட்டிமன்றத்தில் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனை குறை இருந்தும் ஊழியர்கள் ஏன் சீனியாரிட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்பது எளிய பதில். பதில் 1973-இல் இருக்கிறது என்பேன்.

உச்ச நீதிமன்றத்தில் மூத்த நீதிபதியே தலைமை நீதிபதி ஆவது வழக்கம். 1958-இலேயே, செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தனது 14-ஆவது அறிக்கையில், வெறும் மூப்பை மட்டும் பார்த்துத் தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. நல்ல யோசனை, நடுநிலையானவர்கள் சொன்னது. பதினைந்து வருடம் அது அப்படியே கிடந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று, நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்ற கேசவானந்த பாரதி வழக்கில் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தது. மறுநாளே ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்தவர்களையும் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அந்த ஏழு பேரில் இருந்தவர்கள், ரே ஆறு பேரில் இருந்தவர். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

நாடாளுமன்றத்தில் இதை நியாயப்படுத்திப் பேசியவர் நம் ஊர்க்காரர், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். அவருடைய இலாகா உருக்கும் சுரங்கமும், சட்டமே அல்ல. ஆனால் அவர் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், வாதம் செய்யத் தெரிந்தவர். மூப்பு மட்டும் போதாது என்று சட்ட ஆணையமே சொல்லியிருக்கிறதே என்று அந்த அறிக்கையை எடுத்துக் காட்டினார், நீதிபதியின் கண்ணோட்டத்தையும் அரசு பார்க்கலாம் என்றார். வரிக்கு வரி பார்த்தால் அவர் வாதத்தில் பெரிய பிழை இல்லை. அதைச் சொன்ன நேரமும் சொன்ன கையும்தான் பிழை. 1977 ஜனவரியில் மறுபடி. நெருக்கடி நிலையில், கைதானவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஆள்கொணர்வு வழக்கில் தனியாக நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய எச்.ஆர்.கன்னாவைத் தாண்டி எம்.எச்.பேக். கன்னாவும் ராஜினாமா செய்தார்.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. 1978-இல் ஜனதா ஆட்சி. மூப்பில் அடுத்தவர் ஒய்.வி.சந்திரசூட். அவரோ அதே ஆள்கொணர்வு வழக்கில் அரசு பக்கம் தீர்ப்பு சொன்னவர். அவரைத் தாண்டிப் போங்கள் என்று ஜனதா ஆதரவாளர்களே குரல் கொடுத்தார்கள். அரசு கேட்கவில்லை, மூத்தவரையே நியமித்தது. தங்களுக்குப் பிடிக்காத ஒருவரை மூப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அதைத் தளர்த்தினால் என்ன நடக்கும் என்று ஐந்து வருடத்தில் இரண்டுமுறை பார்த்துவிட்டார்கள்.

தலைமை நீதிபதி பதவிக்கு நடந்தது, கண்காணிப்பாளர் பதவிக்கு நடக்காது என்று யாராவது நினைத்தால் அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. 'திறமை அடிப்படையில்' என்று சுற்றறிக்கை வந்த மறுநாள் யார் வீட்டுக்கு யார் போவார்கள், எந்தச் சாதிச் சங்கத்திலிருந்து யாருக்கு போன் வரும் என்று கடைநிலை ஊழியருக்குக்கூடத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இந்த வைத்தியம் தொடங்கிவிட்டது. லண்டனிலிருந்து சிபாரிசுக் கடிதத்தோடு கப்பலில் வந்து இறங்குபவனுக்கு நேரே பெரிய பதவி கிடைப்பதைத் தடுக்க, இவ்வளவு சம்பளத்துக்கு மேலான பதவிக்கு இத்தனை வருட சேவை வேண்டும் என்று 1793 சார்ட்டர் சட்டம் கட்டிப்போட்டது. பணிமூப்பு மோசமான அளவுகோல்தான். ஆனால் அதை யாராலும் போனில் மாற்ற முடியாது.

அப்புறம் என்னதான் செய்வது? அந்தச் சந்திரசூட்டின் மகன் டி.ஒய்.சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2024 மே மாதம் குஜராத் வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. மாவட்ட நீதிபதிப் பதவியில் அப்போது 65 சதவீதம், 'தகுதியும் மூப்பும்' என்ற அடிப்படையில் கீழ்நிலை நீதிபதிகளுக்கு. அங்கே உயர் நீதிமன்றம் 200 மார்க்குக்குத் தகுதிச் சோதனை வைத்தது. தேவையான குறைந்தபட்ச மார்க்கைத் தொட்டவர்களை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் மூப்பின்படி 68 பேரை உயர்த்தியது. 148.5 எடுத்தவர் வெளியே, 101 எடுத்தவர் உள்ளே. 2023-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு இது திறமைக்கு விரோதம் என்று நிறுத்தி வைத்தது. அந்த 68 பேரில், ராகுல் காந்தி வழக்கில் தண்டனை கொடுத்த நீதிபதியும் இருந்ததால்தான் இது தலைப்புச் செய்தியானது, இல்லாவிட்டால் யார் கவனித்திருப்பார்கள். மறு ஆண்டு மூன்று நீதிபதிகள் அமர்வு குஜராத் முறை சரிதான் என்றது. பதவி உயர்வு யாருக்கும் உரிமை அல்ல, எந்த முறை என்பது வேலை கொடுப்பவரின் முடிவு என்றும் சொன்னது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடுதான், 148.5 எடுத்தவரை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும். ஏனென்றால் அவருக்கு வேறு கதவு ஒன்று இருக்கிறது. மாவட்ட நீதிபதி இடங்களில் ஒரு பங்கு, வரையறுக்கப்பட்ட துறைப் போட்டித் தேர்வுக்கு. அங்கே மூப்பு கிடையாது, மார்க் மட்டும்தான். 2002-இல் அது 25 சதவீதம், 2010-இல் 10 ஆகக் குறைந்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி 25 ஆக்கியிருக்கிறது. ரயில்வேயில் குரூப் சி-யிலிருந்து குரூப் பி-க்கு நூற்றுக்கு 70 இடம் ஒரு வழியில், 30 இடம் போட்டித் தேர்வில். அஞ்சல் துறையிலும் எழுத்தராக இருந்தவர் துறைத்தேர்வு எழுதி இன்ஸ்பெக்டர் ஆகலாம். தேர்வுக்குப் படிக்கிறவரின் இருக்கையில் கோப்பு தேங்கும் என்பது தெரியும், கண்ணால் பார்த்தது. இருந்தாலும், வாசலில் வாங்கிய மார்க்கை ஒருமுறையாவது திருத்திக்கொள்ள வழி வேண்டும். பெரும்பங்கு மூப்புக்கு, ஒரு பங்கு பெயர் மறைத்துத் திருத்தும் தேர்வுக்கு. நேர்முகத் தேர்வு வேண்டவே வேண்டாம். கேள்வித்தாளில் பொது அறிவு வேண்டாம், ஒரு நிஜக் கோப்பைக் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

எல்லாத் தேர்வும் இந்த வேலையைச் செய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில், ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் வேலையில் தொடரவே இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஆசிரியை இரவு பத்து மணிக்குமேல் மகளுடைய பள்ளிப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறார். அவர் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள் என்று அந்த 150 கேள்வி கேட்காது. அது மறுபடியும் வாசல் கேள்விதான்.

ஆனால் என்னைக் கேட்டால் தேர்வைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் 17பி-க்கு ஒரு கெடு வையுங்கள். குறிப்பாணை கொடுத்து இத்தனை மாதத்துக்குள் விசாரணை முடியாவிட்டால், தாமதம் ஊழியரால் ஏற்பட்டதல்ல என்றால், அதைக் காட்டிப் பேனலில் பெயரை நிறுத்தக் கூடாது. விசாரணை நடக்கட்டும், குற்றம் நிரூபணமானால் இறக்கட்டும். விசாரணை அலுவலர் மாற்றலானால் ஒரு வாரத்தில் அடுத்தவரை நியமிக்க வேண்டும், நியமிக்காதவரின் பெயரும் கோப்பில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.